கப்பல் வாத்தியார்

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், இராமநாதபுரம் என்று நாற்புறமும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள் சூழ்ந்திருந்தன. அரண்மனை இருந்தது, அம்மன் காசு இருந்தது, எண்ணித் தீராத கண்மாய்கள் இருந்தன. சமுத்திரம் மாத்திரம் இல்லை. 1948 மார்ச் 3-ந் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. அப்போதும் கடல் வந்து சேரவில்லை. 1974 ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாகியது. அறந்தாங்கிப் பக்கத்துக் கரையோரமும் அதில் சேர்ந்தது. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் நம்முடையவை ஆனது அப்படித்தான்.

"நான் கடலைத் தேடி ஊரை விட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் கடல் என்னைத் தேடி ஜில்லாவுக்கு வந்துவிட்டது" என்று சொல்லிச் சிரிப்பார் நம் ஊரில் ஒருவர். சென்ற மார்கழியில் அவர் காலமானார். இந்த வாரம் இந்தப் பக்கம் அவருக்கு உரியது.

பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவருடைய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். போட்டாலும் அதிகப் பிரயோசனம் இராது. திருமயம் வட்டாரத்தில் அவருடைய பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'கப்பல் வாத்தியார்' என்றால்தான் வீட்டுக்கு வழி காட்டுவார்கள்.

அவர் பிறந்தது 1947-இல். தகப்பனார் மானாவாரிக் குடியானவர். சத்தியமூர்த்தி பிறந்த திருமயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கிராமம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் நீந்தக் கற்றுக்கொண்டார். 1963-இல், பதினாறாவது பிராயத்தில், கடற்படையில் சிறுவர்களைச் சேர்க்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். முந்தைய வருஷம் சீன யுத்தம் நடந்திருந்தது. ஊருக்கு ஊர் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் புறப்பட்ட காலம் அது. இவர் ஏன் தரைப்படைக்குப் போகாமல் கப்பலுக்குப் போனார் என்று ஒரு சமயம் கேட்டோம். "கண்மாய் வற்றிப் போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வற்றாத தண்ணீர் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிற்று" என்றார்.

விசாகப்பட்டினத்தில் 'ஐ.என்.எஸ். ஸர்க்கார்ஸ்' என்ற நிலையத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி நடந்து வந்தது. கடலை அவர் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். பிறகு கொச்சியில் சமிக்ஞைப் பயிற்சி. கொடியாலும் விளக்காலும் ஒரு கப்பல் மற்றொரு கப்பலோடு பேசுகிறதே, அந்தப் பேச்சு அவருடைய உத்தியோகமாயிற்று. பதினைந்து வருஷம் சேவை செய்து 1978-இல் பென்ஷனோடு ஊர் திரும்பினார். கப்பலில் இருந்தபோதே அஞ்சல் வழியாகப் படித்துப் பட்டம் பெற்றிருந்தார். ஆசிரியப் பயிற்சியும் முடித்து 1981-இல் கணக்கு உபாத்தியாயராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். 2005-இல் ஓய்வு பெறும்வரையில் அதே பள்ளிக்கூடம், அதே சைக்கிள். நாம் அவரிடம் படித்தோம். பிற்பாடு அவருடைய கடைசி இரண்டு வருஷங்களில் அதே பள்ளியில் அவரோடு வேலை பார்க்கும் பாக்கியமும் கிடைத்தது.

கப்பலிலிருந்து வந்தவர் கண்டிப்பானவராய் இருப்பார், பிரம்பு சுழலும் என்று பிள்ளைகள் முதலில் நடுங்கினார்களாம். பிரம்பை அவர் தொட்டதே இல்லை. அவர் கொண்டுவந்த கப்பல் சாமான் மூன்றே மூன்று. மணி தவறாமை, முடிச்சு, எண்ணிக்கை.

முடிச்சு விஷயத்தை ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். சுதந்திர தினத்தில் விருந்தாளி கயிற்றை இழுக்கிறார். கொடி அவிழ மறுக்கிறது. சுற்றி நிற்கும் ஆசிரியர்கள் வியர்க்கிறார்கள். இந்தத் துயரம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரவில்லை? இருபத்து நான்கு வருஷம் எங்கள் கம்பத்தில் அது நேரவில்லை. இழுத்த இழுப்பில் பூ உதிரும், கொடி விரியும். "தானாக அவிழக் கூடாது, அவிழ்க்க நினைத்தால் அடம் பிடிக்கக் கூடாது. முடிச்சுக்கு இவ்வளவுதான் இலட்சணம்" என்பார்.

இந்த முடிச்சுக் கலை வீட்டிலும் பயன்பட்டது. அவருக்கு இரண்டு பெண்கள். பள்ளிக்கூட நாட்களில் காலையில் அவர்களுக்குத் தலை பின்னிவிட்டவர் அவரே. அந்தக் காலத்துத் திருமயத்தில் தகப்பன் பெண்ணுக்குச் சடை பின்னுவது என்றால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்து, கயிறு திரிப்பது போல மூன்று பிரியையும் இழுத்து இழுத்துப் பின்னுவார். சாயங்காலம் மற்றப் பெண்கள் தலை கலைந்து வீடு திரும்புவார்கள். அந்த இரண்டு பெண்களின் சடை மாத்திரம் காலையில் இருந்த மாதிரியே இருக்கும். மறுநாள்கூட அவிழ்க்கச் சற்றுப் பிரயாசைதான் என்று மூத்தவர் சொல்வதுண்டு.

அவர் இப்படி வீட்டோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. 1969-இல் கலியாணம் ஆயிற்று. 1971 ஆரம்பத்தில் மூத்த பெண் பிறந்தபோது அவர் கடலில் இருந்தார். குழந்தையை முதன்முதலில் கண்டது அதன் ஐந்தாவது மாதத்தில். குழந்தை அவரைப் பார்த்து வீரிட்டு அழுததாம். வாரத்துக்கு ஒரு கடிதம் தவறாமல் எழுதினார். கடிதம் எழுதுகிற கை குழந்தையைத் தூக்குமா? சேவையிலிருந்து விடுபட்டு வந்த அன்று, இனிமேல் வீட்டை விட்டு வேறிடத்தில் இராத்தங்குவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். சொன்ன சொல்லை மிகவும் கெட்டியாகவே பிடித்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தேடி வந்தது. இரண்டு முறையும் வெளியூர் உத்தரவு. இரண்டையும் எழுதிக் கொடுத்து மறுத்துவிட்டார். சம்பளம் போயிற்று, பின்னால் ஓய்வூதியத்திலும் குறைந்தது. நாம் உட்படப் பலர் அது அசட்டுத்தனம் என்று சொன்னோம். அம்மையாருக்கு மூட்டு வாதம் கண்டு நடமாட்டம் குறைந்த பிறகு, சமையலும் துவையலும் அவர் கைக்கு வந்தன. அப்போதும் மணி தவறவில்லை. ஐந்தரைக்குக் காப்பி, ஏழரைக்குப் பலகாரம்.

பாடம் சொல்லிக்கொடுப்பதில் அவர் மேதாவி என்று கூற மாட்டோம். அல்ஜீப்ராவைக் கேட்டு உறங்கியவர்கள் உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். ஆனால் வகுப்பறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனால் அவர் வேறு மனிதர். சாரணப் பிள்ளைகளுக்கு இரு கைக் கொடிகளால் ஆங்கில எழுத்துக்களைக் காட்டும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அதன் பலனாக ஒரு பரீட்சையில், முன்வரிசைப் பிள்ளை ஒருவன் சோம்பல் முறிப்பது போலக் கைகளை நீட்டி மடக்கி, சரியான விடையின் எழுத்தைப் பின்வரிசைக்கு அனுப்பினான். வராந்தாவில் நின்றிருந்த வாத்தியார் சற்று நேரம் அதைக் கவனித்தார். உள்ளே வந்து, "கொடி பிடித்தது சரி. விடை தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு யாரும் சோம்பல் முறிக்கவில்லை.

ஆனால் நம் மனத்தை விட்டு அகலாத பாடம் நட்சத்திரப் பாடம். ஒரு மாசி மாத இரவு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார். வடக்கே தாழ்வாக, மங்கலாக ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார். துருவ நட்சத்திரம். "கையை நேரே நீட்டு. முஷ்டியை மடக்கு. அடிவானத்தில் முஷ்டியை வை. அதன் மேல்விளிம்பில் நட்சத்திரம் நிற்கிறதா?" நின்றது. நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகையை மறைக்கும். பெரியவனுக்குப் பெரிய முஷ்டி, நீண்ட கை. சிறுவனுக்குச் சின்ன முஷ்டி, குட்டைக் கை. ஆகையால் கணக்கு இருவருக்கும் ஒன்றே. நாம் பூமத்திய ரேகைக்கு எத்தனை பாகை வடக்கே இருக்கிறோமோ, துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் தெரியும். புதுக்கோட்டை பத்துப் பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரு முஷ்டி. பழைய காலத்து மாலுமிகள் சிறு பலகையும் முடிச்சிட்ட கயிறும் கொண்டு இதே அளவை எடுத்து, திசையறியாக் கடலில் தங்கள் துறைமுகத்தின் உயரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று விளக்கினார். அட்சரேகை என்ற சொல்லைப் பூகோளப் புத்தகத்தில் பத்துத் தரம் நெட்டுருப் போட்டும் விளங்காதது, அந்த ஒரு முஷ்டியில் விளங்கிவிட்டது.

அன்று ஒரு பையன், "சார், நீங்கள் போன இடத்தில் எத்தனை முஷ்டி?" என்று கேட்டான்.

"பம்பாயில் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவு. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் சரியாக இரண்டு" என்றார். அந்தக் 'கொஞ்சம் வடக்கே' என்பது எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

யுத்தக் கதை கேட்டு நச்சரித்தால் அவர் சொல்லும் கதை ஒன்றே ஒன்று. அதுவும் அவர் பிறப்பதற்கு முந்தியது. 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைச் சமிக்ஞைப் பள்ளியின் மாலுமிகள் உண்ண மறுத்து வேலைநிறுத்தம் செய்த கதை. புழுத்த உணவும் அதிகாரியின் வசைமொழியும் ஒரு பக்கம். பலாய் சந்த் தத் என்ற தந்தி மாலுமியும் தோழர்களும் சுவர்களில் எழுதிய 'ஜெய் ஹிந்த்' ஒரு பக்கம். சில தினங்களுக்குள் 78 கப்பல்களுக்கும் 20 கரை நிலையங்களுக்கும் அது பரவியது. ஏறக்குறைய 20,000 மாலுமிகள். பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டுக் காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றையும் சேர்த்து ஏற்றினார்கள். பம்பாய் நகரமே அவர்களுக்காகக் கடையடைத்துத் தெருவில் இறங்கியது. குண்டுக்கு இரையானவர் இருநூறுக்கு மேல். சர்தார் பட்டேலின் யோசனைப்படி 23-ந் தேதி மாலுமிகள் பணிந்தார்கள். அடுத்த வருஷம் சுயராஜ்யம் வந்தது. வேலையிழந்த அந்த மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கொச்சிப் பயிற்சியில் மூத்த மாலுமிகள் தணிந்த குரலில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி இது என்பார். கதையை முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும், "எத்தனை கப்பல் என்று எண்ணிவிட்டார்கள். எத்தனை பேர் வெறுங்கையோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று யாராவது எண்ணினார்களா?" என்று கேட்டுவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விடுவார். சரித்திர உபாத்தியாயருக்கு இது பிடிப்பதில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி.

1990-இல் நாங்கள் இராமேசுவரத்துக்குச் சுற்றுலாப் போனோம். பாம்பனில் சாலைப் பாலம் திறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. பாலத்தின் மேல் பஸ்ஸில் போவதே அப்போது பெரிய அதிசயம். அதிகாலையில் புறப்பட்டு அன்றிரவே திரும்பும் ஏற்பாடு என்பதால் வாத்தியாரும் வந்தார். பிள்ளைகள் 54 பேர். தனுஷ்கோடிக்கு அந்நாளில் சாலை இல்லை. மீன் ஏற்றும் வண்டிகள் இரண்டைப் பேசி, மணலில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவுப் புயலில் இரயிலோடு மூழ்கிய ஊர் அது. கூரையில்லாத மாதா கோயில், இடிந்த இரயில் நிலையம், இரு பக்கமும் கடல். பொழுது சாயும் நேரம் முதல் வண்டி புறப்பட்டது. இரண்டாவது வண்டியில் எல்லாரும் ஏறியாயிற்று. வாத்தியார் எண்ணினார், 26. மறுபடி எண்ணினார், 26.

"முதல் வண்டியில் ஒருவன் கூட ஏறியிருப்பான், சார். இருட்டுகிறது" என்றார் உடன் வந்த ஆசிரியர்.

"அந்த வண்டியை எண்ணித்தான் அனுப்பினேன். 27. ஒருவன் குறைகிறான்" என்று சொல்லி வாத்தியார் குதித்து இறங்கிவிட்டார். வண்டிக்காரர் சத்தம் போட்டார். அலை ஏறுகிறது, மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்றார். வாத்தியார் முன்னே போய், வண்டியை மறித்து நின்றார். அவர் உரக்கப் பேசி அன்றைக்குத்தான் கேட்டோம் என்று பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள். பிறகு ஒரு கைவிளக்கோடு ஓடினார்.

'பிள்ளைகள் சொன்னார்கள்' என்று எழுதினோம் அல்லவா? அந்த வண்டியில் நாம் இல்லை. சட்டைப்பையும் கால்சட்டைப்பையும் நிறையச் சங்கும் சிப்பியுமாக, மாதா கோயிலின் பின்சுவர் ஓரம் படுத்து நிம்மதியாய்த் தூங்கிக்கொண்டிருந்தோம். குறைந்த ஒருவன் நாமே. கண்ணைத் திறந்தபோது விளக்கு வெளிச்சமும் அதன் பின்னால் அவர் முகமும் தெரிந்தன. அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டோம். அடி விழவில்லை. தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் உட்காரவைத்தார். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார். எண்ணும்போது ஒவ்வொரு தலையையும் தொட்டார். நம் தலையில் பட்ட கை நடுங்கியது. கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஊர் வந்து சேர நடுநிசி தாண்டிவிட்டது. மறுநாள் தாமதத்துக்காக அவர்மீதுதான் குறை சொன்னார்கள். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. நம்மைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அந்தக் கை நடுங்கியதன் காரணம், அவர் காலமான பதினாறாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் தெரிந்தது. அம்மையார் சொன்னார்கள். வருஷந்தோறும் டிசம்பர் 9-ந் தேதி இரவு அவர் சாப்பிட மாட்டார். ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக மொட்டை மாடிக்குப் போவார். வடக்கே பார்த்துக் கையை நீட்டி ஒரு தடவை அளப்பார். இறங்கி வந்து படுத்துக்கொள்வார். "எதற்கென்று நான் கேட்டதில்லை, தம்பி. கேட்டால் சொல்லியிருப்பார். அதனாலேதான் கேட்கவில்லை" என்றார்கள்.

1971-ஆம் வருஷத்து யுத்தத்தில் டிசம்பர் 4-ந் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அந்த நாளைத்தான் தேசம் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறது. ஐந்து நாள் கழித்து, 9-ந் தேதி இரவு ஒன்பது மணியை நெருங்கும் சமயம், டையூவுக்கு அப்பால் 'குக்ரி' என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கிற்று. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா, மற்றவர்களைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தாம் கப்பலோடு மூழ்கினார். அவருக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது. மறுநாள் 'கட்சால்' என்ற கப்பல் நீரிலிருந்து மீட்டவர்கள் 67 பேர். வாத்தியார் அப்போது வேறொரு கப்பலில் இருந்தார். விசாகப்பட்டினத்தில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, அவரோடு ஒரே நாளில் கொடி பிடிக்கக் கற்றுக்கொண்ட சிநேகிதர் 'குக்ரி'யில் இருந்தார். அந்த 67-இல் அவர் இல்லை.

டையூவின் அட்சரேகை இருபது பாகைக்குச் சற்று அதிகம். இரண்டு முஷ்டி.

அம்மையார் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்கள். மூத்த பெண் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்திருக்கிறது. சடை மட்டும் அதே இறுக்கம். "பள்ளிக்கூடத்துச் சமாசாரம் போலிருக்கிறது. உங்களுக்குப் பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

பள்ளிக்கூடத்துச் சமாசாரம்தான். இருபத்து நான்கு வருஷமும் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போன ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரியாக இருக்கிறது. சித்தன்னவாசல், நார்த்தாமலை, திருச்சி மலைக்கோட்டை, சாரணர் முகாம்கள், மாரத்தான் ஓட்டம்கூட. தேதி, இடம், சென்றவர், திரும்பியவர் என்று நான்கு பத்தி கோடு போட்டு, அச்சடித்தது போன்ற எழுத்து. சென்றவர் 40, திரும்பியவர் 40. சென்றவர் 62, திரும்பியவர் 62. முதல் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு வரி. தேதி 9-12-1971. இடம் என்ற பத்தி காலி. சென்றவர் 261. திரும்பியவர் 67.

ஏழெட்டுப் பக்கம் தள்ளி 1990-ஐத் தேடிப் பிடித்தோம். இராமேசுவரம், தனுஷ்கோடி. சென்றவர் 54. திரும்பியவர் 54. ஓரத்தில் பென்சிலால், 'ஒருவன் சற்றுத் தாமதம்' என்று எழுதியிருந்தார்.